நான் சொன்ன நிமிடங்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு எமர்ஜென்சி. ஐம்பத்தைந்து வயது நூல் மில் மேஸ்திரி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்துகொண்டு போகிற வியாதி. உடனே திறந்து சரிசெய்யாவிட்டால் ஆள் தங்க மாட்டார்.

என் வேலை பம்ப். இதயத்தையும் நுரையீரலையும் நிறுத்திவைத்துவிட்டு அவற்றின் வேலையைப் பார்க்கும் இயந்திரத்தை இருபது வருடமாக ஓட்டுகிறேன். இந்த ஆபரேஷனில் அந்த இயந்திரத்தையும் நிறுத்த வேண்டிவரும். உடம்பைக் குளிரவைத்து, பம்பை நிறுத்தி, ரத்தமே ஓடாத உடம்பில் கிழிந்த குழாயை வெட்டி எடுத்து, துணியில் செய்த குழாயை வைத்துத் தைப்பார்கள். அதுவரை மூளைக்கும் ரத்தம் கிடையாது; அரை மணியைத் தாண்டினால் ஆபத்து. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தியேட்டரில் சுவர்க் கடிகாரம் நின்று எட்டு வருடமாகிறது. மயக்க மருத்துவர்களுக்கு அந்த நேரத்தில் தலைக்கு மேல் வேலை. ஆகவே நேரம் என்றால் நான்தான்.

எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு எழுதுகிறேன்? என்றைக்காவது என் மனைவி நாயகி எடுத்துப் படித்தால் அவளுக்குப் புரியட்டும்.

சீஃப் டாக்டர் தேவசகாயம் தைக்கும்போது பேச மாட்டார். கேட்பது ஒரே கேள்வி. "என்ன சாமி, எத்தனை?" சாமியப்பன் என்கிற என் பெயரில் அவர் பாதியைத்தான் செலவழிப்பார்.

ஒவ்வொரு கேஸுக்கும் நான் நிரப்பும் பம்ப் சீட்டில் எழுதியது 28. இங்கே எழுதுவது 41.

ஜூன் 4, புதன்

மேஸ்திரி கண் திறந்தார். வலது கை அசையவில்லை. சாயங்காலம் மழை.

ஜூன் 8, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையல் கேஸ் தீர்ந்து, மாற்று சிலிண்டரும் காலியென்று அப்போதுதான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு ஹோட்டல் இட்லி சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி நாயகிக்குப் பிரஷர் பார்த்தேன். பாதரச மெஷின்தான். பட்டனை அமுக்கினால் தானே எண் காட்டுகிற மெஷினை அவள் நம்புவதில்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சிஸ்டர், ஓய்வுபெற்ற நர்ஸ், தினமும் பார்த்துத் தருகிறேன் என்று கூப்பிட்டாலும் போக மாட்டாள். "உங்க காதுதானுங்க கணக்கு" என்பாள்.

132 என்றேன். அவளுடைய சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் தில்ஷாத் மதியம் எல்லோரையும் கூட்டினார். எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர். முப்பத்தாறு வயது. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். சொன்னது இதுதான்: இந்த ஒரு வியாதிக்கு நம் ஆஸ்பத்திரியில் சர்ஜனுக்கு ஒரு வைத்தியம் நடக்கிறது. சீஃப் ஒரு விதம், நான் ஒரு விதம், மாற்றலாகிப் போனவர் இன்னொரு விதம். எந்த டாக்டர் டியூட்டியில் இருக்கும்போது வந்து விழுகிறார் என்பதில் நோயாளியின் தலையெழுத்து இருக்கக் கூடாது. ஒரே பக்கத்தில் ஒரே முறையை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பலாம். நெஞ்சு வலி என்று வந்தால் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் இந்த வியாதியாக இருக்கலாம் என்பதிலிருந்து தொடங்கி.

சீஃப் தலையாட்டினார். "அந்தப் பிள்ளை சொல்லது சரிதான். செய்வோம்" என்றார். அவருக்கு இன்னும் ஏழு மாதம்தான் சர்வீஸ்.

தில்ஷாத் மேடம் என் பக்கம் திரும்பி, "சாமியண்ணா, ஏழு வருஷத்துப் பம்ப் சீட்டு எல்லாமும் எனக்கு வேணும். அதுலதான் நேரம் இருக்கு" என்றார்.

தேடி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

சீட்டுகள் அறுபத்திரண்டு. எடுத்துக் கொடுத்தேன். ஒரே தூசி.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், சீஃப் தைத்துக்கொண்டிருந்தபோது "முப்பத்தஞ்சு" என்றேன். அவர் கை நடுங்கியது. ஊசி சுவரைக் கிழித்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தைத்தார். அந்த நோயாளி மேசையிலேயே போய்விட்டார். வெளியே வந்ததும் அப்போதிருந்த மயக்க மருத்துவர் என்னை ஓரமாக அழைத்து, "அவருக்கு நிமிஷத்தப் பாத்துச் சொல்லுங்க சாமியப்பன். பயந்துட்டாருன்னா கை ஓடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரிட்டயராகிப் போய்விட்டார்.

அடுத்த கேஸில் பதினான்காவது நிமிடத்தில் பத்து என்றேன். இருபத்தேழில் இருபது என்றேன். சீஃபின் கை பொம்மைக்குத் துணி தைப்பதுபோல் நிதானமாக ஓடியது. அந்த நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார். எனக்கு எவ்வளவு பெருமை! சொன்னதும் எழுதியதும் ஒத்துப்போக வேண்டுமே என்று சீட்டிலும் சொன்னதையே எழுதினேன். நிஜத்தை இந்த நோட்டில் குறித்தேன். ஏன் குறித்தேன் என்று தெரியாது. பழக்கம்.

பொய் என்று அன்றைக்கும் நினைக்கவில்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்கிறோம். அது பொய்யா?

தில்ஷாத் மேடத்தின் கேஸ்களில் நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். முதல் நாளே அவர் "நொடி கூட மாத்தாமச் சொல்லுங்கண்ணா" என்றுவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

சுவரில் ஒட்டப்போகிற தாளின் வரைவு கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

தில்ஷாத் மேடம் இதுவரை தன் கேஸ்களில் வலது தோள் பக்கத்துக் குழாயில் தனி லைன் போட்டு, பம்ப் நிற்கிற நேரத்திலும் தலைக்கு மட்டும் ரத்தம் அனுப்பிவந்தார். அந்த லைன் போட இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு பேருக்குக் குழாய் வெடித்திருக்கிறது. சீஃப் லைன் போடுவதில்லை. குளிரவைத்து, நிறுத்தி, தைத்து முடித்துவிடுவார். சீட்டுகளின்படி அவருடைய சராசரி 29 நிமிடம். அரை மணிக்குள் முடிகிறதென்றால் தலைக்குத் தனி லைன் எதற்கு? ஆகவே இனி எல்லோருக்கும் சீஃபின் முறைதான். இது தில்ஷாத் மேடத்தின் முடிவு. தன் முறையைத் தானே தள்ளிவைத்தார்.

கூட்டம் முடிந்து சீட்டுகளை அடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாருங்கண்ணா, எனக்கு நாப்பத்திநாலு, நாப்பத்தேழு. சாருக்கு இருபத்தொம்போது. நான் எவ்வளவு ஸ்லோ!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒண்ணுதான் புரியல. இருபத்தொம்போது நிமிஷத்துல சாரோட முப்பத்தெட்டுப் பேர்ல பதினொரு பேர் ஏன் முழிக்கல?"

"தெரியலீங் மேடம்."

"குளிர் பத்தலைன்னு நினைக்கிறேன். சார் இருபத்திநாலு டிகிரியிலயே நிறுத்தறார். பதினெட்டு வரைக்கும் கொண்டுபோகணும்னு எழுதிடறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, கரண்ட் இல்லை. "சரிங் மேடம்" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

நாயகிக்கு இரண்டு நாளாகப் பின்மண்டை வலி. வெயில் என்றேன். பிரஷர் 136 என்றேன்.

"எல்லா வாரமும் நல்லாத்தானே இருக்குது? எனக்குப் பாக்கற டாக்டரம்மா நோட்டப் பாத்துப்போட்டு மாத்திரையப் பாதியாக்கிட்டாங்க" என்றாள்.

"முழுசாவே போடு."

"ஏனுங்க?"

"சும்மாதான்."

அவள் அப்பா பிரஷரில்தான் விழுந்தார். எண்ணைக் கேட்டால் அன்றைக்கெல்லாம் தூங்க மாட்டாள். தூங்காவிட்டால் இன்னும் ஏறும். அதனால்தான்.

ஜூலை 9, புதன்

தாள் லேமினேட் செய்யப்பட்டுத் தியேட்டர் சுவரில், நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே ஒட்டப்பட்டது. ஸ்வீட் கொடுத்தார்கள். மைசூர்பாகு. சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

புது முறையில் முதல் கேஸ். அரசு பஸ் கண்டக்டர், பெயர் கந்தப்பன், வயது நாற்பத்திநாலு. பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். தாலுகா ஆஸ்பத்திரியில் தாளில் உள்ளபடி இரண்டு கையிலும் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசம் தெரிந்ததும் மாரடைப்பு ஊசி எதுவும் போடாமல் நேராக அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மணி நேரத்தில் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். இதற்கு முன்பு ஒருவர்கூட இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. தாள் வேலை செய்கிறது என்று தில்ஷாத் மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

அவரேதான் திறந்தார். தோளில் லைன் போடவில்லை. பதினெட்டு டிகிரி. பம்பை நிறுத்தினேன்.

பத்து. இருபது. இருபத்தைந்து. பாதி வட்டம்கூடத் தைத்து முடியவில்லை. குழாய்ச் சுவர் ஊறின காகிதம்போல் கிழிந்துகொண்டே வந்தது.

"முப்பது" என்றேன்.

"சார் இந்நேரம் முடிச்சிருப்பார்" என்றார் மேடம், தனக்குத்தானே சொல்வதுபோல்.

"முப்பத்தஞ்சு." முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் சிவந்திருந்தது. "நாப்பது" என்றபோது அவர் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் தொடர்ந்தது. இவருக்காவது குறைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு அப்போதும் வந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

46. சீட்டிலும் 46. இங்கேயும் 46.

ஜூலை 15, செவ்வாய்

கண்டக்டர் கண் திறக்கவில்லை. மருந்து மயக்கம் தெளிய நேரமாகும் என்கிறார்கள்.

ஜூலை 16, புதன்

இல்லை.

ஜூலை 17, வியாழன்

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தில்ஷாத் மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பம்புக்கு டியூப் எண்ண வந்தவன், எண்ணாமல் திரும்பிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பிரஷர் பார்க்கவில்லை. மெஷின் பட்டையில் காற்றுப் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஐசியு வாசலில் கண்டக்டரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர் பூங்கோதை. ஒரு வாரமாக அதே கத்திரிப்பூச் சேலை.

"நீங்க மெசின் ஓட்டற சாருதானுங்களே? நர்ஸம்மா சொன்னாங்க. அவரு எப்பங் முழிப்பாருங்?"

"டாக்டர்தாங் சொல்லோணும்மா."

"காதுல எதாச்சும் சொன்னாக் கேக்குமுங்களா? நான் ஸ்டாப் பேரெல்லாம் சொல்லிப் பாத்தனுங். அவரு எந்த ஸ்டாப்பா இருந்தாலும் சத்தமாப் பேரச் சொல்லிப்போட்டுத்தாங் விசிலடிப்பாருங். தூங்கறவிய எந்திரிச்சு எறங்கோணுமல்லங்? தப்பான எடத்துல எறங்கிட்டா அந்தப் பாவம் நம்மளைத்தாங் சேருமும்பாருங்."

கேக்கும்மா, சொல்லுங்க என்றேன். கேட்காது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

தில்ஷாத் மேடம் உடற்கூறியல் துறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இனி கத்தியைத் தொடப் போவதில்லையாம். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"என் கை சரியில்லண்ணா. முறை சரியாத்தான் இருக்கு. அதே முறை, அதே தையல், சார் இருபத்தொம்போதுல முடிக்கறதை நான் நாப்பத்தாறுல முடிச்சேன். அந்தப் பதினேழு நிமிஷம் என் கையில இருக்கற கோளாறு. தாள் எழுதத் தெரிஞ்ச எனக்குத் தைக்கத் தெரியல."

"அப்படியில்லீங் மேடம்…"

"பின்னே எப்படி?"

"வயசானாத்தானுங் வேகம் வரும்" என்றேன். எவ்வளவு கேவலமான ஆள் நான்! பதினேழு நிமிடத்தையும் திருடியவன் எதிரே உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொல்கிறான்.

ஜூலை 25, வெள்ளி

காலை பதினொன்றே காலுக்குக் கண்டக்டர் இறந்துவிட்டார்.

ஜூலை 28, திங்கள்

மதியம் சீஃபின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். நோட்டைக் கையில் வைத்திருந்தேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த மில் மேஸ்திரிக்கு நான் எத்தன?"

"நாப்பத்தொண்ணுங் சார்."

"நீ இருபத்தெட்டுன்னுல்லா சொன்ன."

"ஆமாங் சார்."

"அதுக்கு முன்னால? வாசி."

வாசித்தேன். முப்பத்தொன்பது. நாற்பத்திநாலு. முப்பத்தேழு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது யாரு?"

"போன வருசம் அந்த டீச்சரம்மாங் சார். முழிக்கவே இல்லையே, அவிய."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நாப்பது ஆகுதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் தலைக்கு லைன் போட்டிருப்பேன் சாமி. எப்பவோ போட்டிருப்பேன். நான் வேகமான ஆளுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

நோட்டை மூடினேன்.

"உன்ட்ட நான் எப்பவாவது குறைச்சுச் சொல்லுன்னு சொன்னேனா?"

"இல்லீங் சார்."

"சொல்லலல்லா?"

"இல்லீங் சார்."

எழுந்து தியேட்டருக்குப் போனார். பின்னாலேயே போனேன். செருப்பு மாற்றாமல் அவர் உள்ளே நுழைந்து நான் பார்த்ததேயில்லை. சுவரிலிருந்து தாளை நகத்தால் உரித்தார். ஒரு மூலை பிய்ந்து சுவரோடு நின்றுவிட்டது. "உள்ளதெல்லாம் கொண்டுபோய் அந்தப் பிள்ளைட்ட கொடு" என்றார். பிய்ந்த மூலையை மறுபடியும் மறுபடியும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு பேர். கண்டக்டரோடு பன்னிரண்டு. அத்தனை பேரும் என்னால்தான் என்று சொல்ல முடியாது என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

ஏழு வருடத்து நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவும் அதோடு போகிறது. இதில் என் இடுப்பு வலி, கேஸ் சிலிண்டர், நாயகி சமாச்சாரம் எல்லாம் இருக்கிறது. கிழித்து எடுத்துவிட்டு எண்களை மட்டும் கொடுக்கலாமா என்று பார்த்தேன். பக்கத்தைக் கிழித்தால் அதையும் நம்ப மாட்டார்கள். அப்படியே கொடுக்கிறேன்.

மேடம், நீங்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் கையில் கோளாறு இல்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

இது புது நோட்டு. மளிகைக் கடையில் வாங்கியது.

புதன்கிழமை நடந்ததை எழுத வேண்டும். தில்ஷாத் மேடம் நின்றபடியே முதல் நோட்டைப் புரட்டினார். பிறகு உட்கார்ந்தார். சீட்டு எண்ணையும் நோட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியாகக் கண்டக்டர் பக்கத்துக்கு வந்தார். அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த நாப்பத்தாறாச்சும் நெசமா?"

"நெசமுங் மேடம்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

நோட்டை மூடிவிட்டு, "அந்தப் பூங்கோதைகிட்ட யாரு சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். நீங்க இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். அவர் குரல் உயரவேயில்லை.

மாற்றல் விண்ணப்பத்தை அவர் திரும்ப வாங்கவில்லை என்று நேற்று கேள்விப்பட்டேன். என்னைப் பம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. தியேட்டரில் புதுக் கடிகாரம் மாட்டிவிட்டார்களாம். தாள் இன்னும் இல்லை. அந்த வியாதியோடு நாளை யாராவது வந்தால் எந்த முறையில் திறப்பார்கள் என்று தெரியவில்லை.

காலையில் நாயகி தானாகவே கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "பட்டைய ரிப்பேர் பண்ணீட்டீங்களா?" என்றாள். கட்டினேன். காற்றை ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன்.

"நூத்தியறுபத்தெட்டு" என்றேன்.

சிரித்தாள். "மெசின் இன்னும் சரியாகலையாட்டருக்குது. இன்னொருக்காப் பாருங்க."

இன்னொரு முறை பார்த்தேன். "நூத்தியெழுவது."

அவள் முகம் மாறியது. "போன மாசம் எத்தனைங்க?"

சொன்னேன். ஞாபகம் இருந்தது. நூற்று அறுபத்திநாலு.

"அதுக்கு முந்தி?"

"அதெல்லாம் அந்த நோட்டுலதாங் எழுதி வெச்சிருந்தேன். குடுத்துட்டேனே."

தன் சின்ன நோட்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். 132, 134, 130, 136. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியவை. மாத்திரையைப் பாதியாக்கிய நாளில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. கையிலிருந்து பட்டையை அவளே கழற்றினாள். மெஷினை மூடி, ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி அதன்மேல் வைத்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஸ்டெல்லா சிஸ்டர் "அசையாம உக்காரும்மா" என்பது கேட்டது. காற்று இறங்குகிற சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. பிறகு சிஸ்டர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார்.

நூற்று எழுபது. நான் கடைசியாகச் சொன்ன எண்தான். நாயகி உடனே திரும்பி வரவில்லை.